பன்னிரண்டு உறக்க நோட்டுகள்

மட்டாஞ்சேரி,
14.6.2003

மஞ்சுஷாவுக்கு விஜி எழுதுவது.

நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். மஸ்கட்டில் அறைக்கு இரண்டு பேர்தான், ஏ.சி. உண்டு, வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். என் சுகத்தைப் பற்றி மீதிக் கடிதத்தில் நீயே தெரிந்துகொள்வாய்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரத்தில் இருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. நர்ஸிங் கவுன்சில் அனுப்பியது. என் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று முப்பது நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி கொடுத்த புகாரும், அதோடு ஏழு தாள்களும் இணைத்திருந்தார்கள். ஐந்தாவது தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். அது என் கையெழுத்து. என் உறக்க நோட்டின் ஒரு பக்கத்தை நகல் எடுத்திருந்தார்கள். தமிழில் நான் எழுதியது. அடுத்த தாளில் அதற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, டைப் அடித்தது.

நர்ஸிங் சூப்பிரண்டு கமலாக்ஷி மேடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் லிஃப்ட் இயக்குகிறவர் வரை ஒருவருக்கும் தெரியாது. வார்டில் நாம் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதிக்கொண்டதெல்லாம் தமிழில் இருந்தது அதனால்தானே. இந்த நோட்டையும் தமிழில் எழுதச் சொன்னது நீ. "மனசு திறந்து எழுதுடீ விஜி, வேற யாருக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கு மட்டும்தான் புரியும்" என்றாய். ஆமாம், உனக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

நீ எதையும் மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். ஒரு முறை முழுதாக உட்கார்ந்து வாசி.

அந்த பி.எஸ்ஸி. படிப்பு நாம் கேட்டு வாங்கியதல்ல. டிப்ளமா முடித்து நான் ஆறு வருஷம், நீ ஐந்து வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நர்ஸிங் ஸ்கூல் தொடங்கும் ஆசை வந்தது. அனுமதி வாங்க டிகிரி படித்த நர்ஸுகளைக் காட்ட வேண்டும். வெளியில் இருந்து ஆள் எடுக்க மனமில்லாமல் நம்மில் பன்னிரண்டு பேரைப் பிடித்துத் தபால் வழியில் பி.எஸ்ஸி. நர்ஸிங் சேர்த்துவிட்டார்கள். நம் அசல் சர்ட்டிஃபிகேட்டுகளை வாங்கி ஆபீஸ் அலமாரியில் பூட்டினார்கள். படித்து முடித்தபின் மூன்று வருஷம் இங்கேயே இருப்போம் என்று கையெழுத்து வாங்கினார்கள். வகுப்பு இருக்கும் நாளுக்கு முந்தின இரவு மட்டும் டூட்டி வேண்டாம் என்று நான்தான் போய்க் கேட்டேன். நீ கதவுக்கு வெளியே நின்றாய். "படிப்பு நின்டெ கார்யம், வார்டு என்டெ கார்யம்" என்றார் மேடம். நர்ஸிங் சூப்பிரண்டு அப்படிச் சொன்னபின் யாரிடம் போய்க் கேட்பது?

இரவு எட்டுக்கு வார்டில் ஏறுவோம். காலை எட்டுக்கு இறங்கி, எட்டு நாற்பது போட்டில் காயல் தாண்டி எறணாகுளம் போய், ஸ்டடி சென்டரில் ஒரு டி.வி.க்கு முன்னால் வரிசையாக உட்காருவோம். டில்லியில் இருந்து யாரோ ஒரு டீச்சர் பேசுவார். சந்தேகம் இருந்தால் கூப்பிடலாம் என்று திரையின் கீழே ஒரு நம்பர் ஓடும். ஒரு நாளாவது நமக்கு லைன் கிடைத்ததா? நோயாளியின் ஓய்வும் உறக்கமும் என்ற பாடம் நடந்த அன்று நம் பெஞ்சில் நாலு பேர் மேஜையில் முகம் கவிழ்ந்து கிடந்தோம். இன்னொரு நாள் நான் போட்டிலேயே உறங்கிப்போனேன். எறணாகுளத்தில் எல்லோரும் இறங்கியதும் தெரியவில்லை, போட்டு திரும்பியதும் தெரியவில்லை. மட்டாஞ்சேரி படகுத்துறையில், நம் ஜெட்டியில்தான் டிக்கெட் கொடுக்கிறவர் தட்டி எழுப்பினார். நீ அதை வார்டு வார்டாகப் போய்ச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

வீட்டில் பகலில் உறங்கலாம் என்றால் பதினொரு மணிக்குத் தண்ணீர் லாரி வரும். குடத்தோடு போய் நிற்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. பக்கத்து இஞ்சிக் கிடங்கில் சாக்கு இறக்குகிறவர்கள் மூன்று மணி வரை ஓயமாட்டார்கள். மகள் மோளுக்கு மூன்று வயது. அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் மேலே ஏறி உட்கார்ந்துகொள்வாள். நான் இரண்டு மணி நேரம் கண்மூட வேண்டும் என்பதற்காக அவளுடைய அப்பா அவளைத் தோப்பும்படியில் அவர் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கே தூக்கிக்கொண்டு போவார். அங்கே போட்டு எஞ்சின் நடுவில் அவள் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருப்பாள். அஜீஷ் ஒரு வார்த்தை முகம் சுளித்ததில்லை. அந்த மனிதனை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், உன் பெண்டாட்டிதானே அந்த நர்ஸ் என்று.

அந்த நேரத்தில்தான் உன் ப்ராஜெக்ட் வந்தது. தூரத்தில் இருந்து படிக்கும் நர்ஸுகளின் உறக்கம் என்று தலைப்பு. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தாய். பிப்ரவரி ஒன்றில் இருந்து முப்பது நாள் எழுத வேண்டும். அன்று என்ன டூட்டி, எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை தடவை விழித்தோம், பாடத்துக்கு எவ்வளவு நேரம், வேலையில் கண் அயர்ந்ததா, கடைசியில் மனதில் பட்டது ஒன்று. எழுதியவர் பெயர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகாது என்று முதல் பக்கத்தில் நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாய். மற்ற பத்துப் பேரும் மலையாளத்தில் எழுதினார்கள். நானும் நீயும் தமிழில்.

பிப்ரவரி 27 எனக்கு விடாமல் பதினேழாவது இரவு. அன்று பகல் வகுப்பு. மூன்று மணிக்குப் படுத்து ஐந்தே காலுக்கு எழுந்து வந்தேன். ஆண்கள் பொது வார்டில் முப்பத்தாறு பேர், நான் ஒருத்தி. பதினொன்றாம் கட்டிலில் எங்கள் தெருவின் ராக்கப்பண்ணன். கார்ப்பரேஷனில் ஓடை வாருகிறவர், சர்க்கரை கூடிக் காலில் புண்ணோடு வந்தவர். அந்த வார்டில் இன்சுலின் போட வேண்டியது அவர் ஒருவருக்குத்தான். காலை ஐந்தே முக்காலுக்குப் போட்டேன். ஆறே காலுக்கு மறுபடியும் போட்டேன். முதலில் போட்டது என் நினைவில் இல்லை. சார்ட்டில் எழுதவும் இல்லை. "இப்பதானே குத்தினே பிள்ளே" என்று அவர் கேட்டாராம். அதுவும் என் காதில் விழவில்லை.

ஏழு மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கைகால் இழுத்தது. நான் ஓடிப்போவதற்குள் கட்டிலில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. டிரேயைப் பார்த்தேன், இரண்டு காலி சிரிஞ்சு. அந்த நிமிஷமே டூட்டி டாக்டரிடம் இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்று சொன்னேன். சொன்னதால்தான் உடனே குளுக்கோஸ் ஏற்றி உயிரைப் பிடித்தார்கள். தப்பு என்னுடையது மஞ்சு. அன்றும் மறைக்கவில்லை, இனியும் மறைக்கப் போவதில்லை. அவர் இனி ஓடையில் இறங்க முடியாது. கம்பு இல்லாமல் கக்கூஸுக்குக் கூடப் போக முடியாது. அது என் கையால் நடந்தது.

அன்று காலை குளியலறையில் நான் வாந்தி எடுத்தபோது என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. அடுத்த வாரம் என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். ஜெட்டி வரை கூட வந்து அழுதாய். அப்போது என் நோட்டு மேடத்தின் மேஜையில் இருந்திருக்கிறது. நீ மொழிபெயர்த்து முடித்துவிட்டு வந்து அழுதாயா, அழுதுவிட்டுப் போய் மொழிபெயர்த்தாயா? அதை மட்டும் எழுது.

புகாரில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? விஜி என்ற நர்ஸ் வெளிநாடு போகும் ஆசையில் சொந்த விருப்பப்படி படித்துக்கொண்டிருந்தாராம். உறங்காமல் வேலைக்கு வருவது ஆபத்து என்று தெரிந்தே வந்தாராம். சாட்சி, அவர் கைப்பட எழுதிய நோட்டு. பத்தொன்பதாம் தேதி எழுதியது: "இன்று கண்ணைத் திறந்தபடியே உறங்கினேன். யாரையாவது கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது." இதை இங்கிலீஷில் அழகாக எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. "மேடத்திடம் ஒரு நாள் ஆஃப் கேட்டேன், சிரித்தார்." அந்த வரி இங்கிலீஷில் இல்லை. அது எங்கே போயிற்று?

டூட்டி லிஸ்ட் என்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதில் பதினைந்தாம் தேதியும் இருபத்திரண்டாம் தேதியும் எனக்கு ஆஃப். மாதம் முழுவதும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே மூச்சில் எழுதியது. உண்மையான லிஸ்ட் எங்கே என்று கேட்டால் ஈரத்தில் கெட்டுப்போயிற்றாம்.

என் நோட்டை மட்டும் தனியாக எடுத்து வாசித்தால் நான் பைத்தியக்காரி. பன்னிரண்டையும் ஒன்றாக வைத்தால் அந்த மாதம் எந்த வார்டில் யார் எத்தனை இரவு நின்றோம் என்பது தேதி வாரியாக வந்துவிடும். இது உனக்குத் தெரியும். நீதான் கட்டம் போட்டுக் கூட்டிப் பார்த்தவள்.

ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சிக்கு உன் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். உன் அம்மா கரிமீன் வறுத்து எனக்குச் சோறு போட்டு, மஞ்சு போனபின் நீதான் வந்திருக்கே என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு கேள்வி. ஏன் கொடுத்தாய்? மீதி நோட்டுகள் எங்கே? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
விஜி

* * *

மட்டாஞ்சேரி,
23.8.2003

மஞ்சு,

உன் கடிதம் நாலாம் தேதியே கிடைத்தது. பலமுறை கிழிக்கப் போய், சாட்சிக்கு வேண்டும் என்று திரும்ப எடுத்து வைத்தேன். அதனால்தான் பதில் தாமதம். கவுன்சிலில் அவகாசம் கேட்டிருந்தேன். விசாரணை நவம்பர் 12 என்று சொல்லியிருக்கிறார்கள்.

மறைக்காமல் எழுதியிருக்கிறாய், அதை ஒத்துக்கொள்கிறேன். விசா வந்து பதினைந்து நாளுக்குள் அசல் சர்ட்டிஃபிகேட் காட்ட வேண்டியிருந்தது. அலமாரிச் சாவி மேடத்திடம். "விஜி ஏற்கனவே ஒத்துக்கொண்டுவிட்டாள், ஒரு நோட்டினால் அவளுக்கு என்ன கூடுதலாக வரப் போகிறது" என்று மேடம் கேட்டார். நீ கொடுத்தாய். அந்த ஒரு வரியை விட்டுவிடச் சொன்னதும் மேடம். நீ விட்டுவிட்டாய். அப்பா போனபின் வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இடக்கொச்சி வீட்டின் கூரையை நான் பார்க்காதவளா? உனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று தெரியாதவளா? என்னிடம் வந்து, விஜி, சாவி அவளிடம் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கலாம். கொடு என்றே சொல்லியிருப்பேன். கேட்காமல் போனாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மீதி நோட்டுகள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன, எடுத்துக்கொள் என்று எழுதினாய். உன் அம்மா பெட்டியைத் திறந்து கொடுத்தார். எடுத்து வந்தேன். ஆனால் கூடவே எழுதியிருக்கிறாய்: என் பெயரை இழுக்காதே, என் நோட்டையும் காட்டாதே. ஏன் என்று எழுதவில்லை.

பெயரில்லாமல் அந்த நோட்டுகளை எப்படிக் காட்டுவது? யார் கொடுத்தது, எதற்காக எழுதியது, எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொன்னால்தான் அது சாட்சி. இல்லையென்றால் விஜி வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தாள் என்று அவர்கள் வக்கீல் சொல்வார். என் பெயரை நீ இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கலாம், உன் பெயரை யாரும் சொல்லக் கூடாதா?

இதற்கு நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ராக்கப்பண்ணனின் மனைவி மூக்கம்மாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று தெரு கேட்கக் கத்தினார். அன்று வந்திருந்த என் அம்மா குறுக்கே வந்து ஏதோ சமாதானம் சொல்ல, அவருக்கு இன்னும் ஏறியது. "நீ ஒறங்காம வந்தேன்னு அந்த மேடம் சொல்லுது. எதுக்குடீ ஒறங்காம வந்தே? எவ வரச் சொன்னா ஒன்ன?" என்று கேட்டார். மேடம்தான் வரச் சொன்னார் என்றேன். எத்தனை ராத்திரி என்று கேட்டார். பதினேழு என்றேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். பிறகு சொன்னார், "எங்க வீட்டுக்காரருக்கு ஓடைக்குக் கூட ஞாயித்துக்கிழம லீவு உண்டு."

சாயா கொடுத்தேன், வேண்டாம் என்றார். மன்னிப்பும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தன் பெயரில் என் மேல் கொடுத்த புகார் ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதி வைத்துக் கைநாட்டு வாங்கியது என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போய் கமலாக்ஷி மேடத்தின் அறைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். டூட்டி லிஸ்ட்டைக் காட்டும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். மாலையில் போலீஸ் வந்துதான் எழுப்பினார்கள். மறுநாளும் போய் உட்கார்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண். அந்த லிஸ்ட்டைக் காட்டினாலும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. நமக்கு வாசிக்கத் தெரியும். பன்னிரண்டு பேரில் ஒருத்தியாவது கேட்டோமா?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், உனக்குத் தெரிய வேண்டும். பத்து நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தி வீட்டுக்கும் நேரில் போனேன். பள்ளுருத்தி, கும்பளங்கி, சுள்ளிக்கல், வைப்பின். இது உன் நோட்டு, இதை கவுன்சிலில் காட்ட எனக்கு அனுமதி வேண்டும், காட்டினால் உன் வேலைக்கு ஆபத்து வரலாம் என்று சொன்னேன். எல்லோருக்கும் பயம். ஒருத்தியின் மாமியார் என்னை உள்ளே விடவில்லை. எட்டுப் பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஐ.சி.யூ. ஷைலஜாவின் நோட்டில் இருபத்தொரு இரவு இருக்கிறது. என்னுடையதைவிட அது பெரிய சாட்சி. அவள் கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் விஜி, வீட்டுக்காரருக்கு வேலை இல்லை என்றாள். அவளிடமே நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுப்பில் போட்டிருப்பாள். போடட்டும்.

எட்டும், ஆஸ்பத்திரி கையில் இருக்கும் என்னுடையதும் சேர்த்து ஒன்பது. உன்னுடையது பாக்கி. அதை நான் திறக்கவில்லை. நூல் கட்டி, துணி அலமாரியில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அஜீஷ் கேட்டார், உன்னுடையதை அவள் கொடுத்தாளே, அவளுடையதை நீ ஏன் பார்க்கக் கூடாது என்று. பார்க்க மாட்டேன். நீ சொன்னால் பார்ப்பேன்.

எனக்கு உன்னிடம் வேண்டியது ஒரே ஒரு தாள். இந்த நோட்டுகளை நான் கொடுத்தேன், இன்ன நாளில் திரும்ப வாங்கினேன், இன்ன காரணத்தால் ஒன்றை மட்டும் கொடுத்தேன், ஒரு வரியை விட்டுவிட்டேன். கீழே உன் கையெழுத்து. நவம்பர் 12க்கு முன்னால் கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். இதனால் மஸ்கட்டில் உனக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் வராது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீ அனுப்பாவிட்டால் நான் மறுபடி எழுத மாட்டேன்.

விஜி

* * *

மட்டாஞ்சேரி,
18.1.2004

மஞ்சு,

விசாரணை முடிந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். தீர்ப்பு கையில் வரட்டும் என்று காத்திருந்தேன். முந்தாநாள் வந்தது.

நவம்பர் பத்தாம் தேதி வரை உன்னிடம் இருந்து ஒன்றும் இல்லை. உன்னைத் திட்டாத நேரம் இல்லை. பதினொன்றாம் தேதி காலை கவுன்சில் ஆபீஸுக்கு போன் செய்தபோதுதான், மஸ்கட்டில் இருந்து ஒரு கூரியர் வந்திருக்கிறது என்றார்கள். அன்று மாலை எனக்கும் உன் கடிதம் வந்தது. அதில் ஒரே வரி: என் நோட்டைத் திற.

மறுநாள் விடியற்காலை ரயிலில்தான் திறந்தேன். அஜீஷ் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 11ஆம் தேதியில் நீ எழுதியிருந்ததை வாசித்தேன். "காலை நாலு மணிக்கு ஆறு பேருக்குக் காய்ச்சல் பார்க்காமலே பார்த்ததாகச் சார்ட்டில் எழுதினேன். எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு கட்டிலில் குழந்தை பெற்று இரண்டு நாளான பெண். கடவுளே அவளுக்குக் காய்ச்சல் இருக்கக் கூடாது." ஆலப்புழை தாண்டும் வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குத்தான் பயந்தாயா? உன்னுடைய ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒருவருக்கு ஆகிவிட்டது. அன்று குளியலறையில் என் நெற்றியைப் பிடித்திருந்தபோது இது உன் மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்போதும் வாய் திறக்கவில்லை. கோபம் குறைந்தது என்று நினைக்காதே. அந்த ரயிலில் அது இன்னும் கூடியது. நீ மட்டும் அன்றைக்கே சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேராக மேடத்தின் முன்னால் போய் நின்றிருப்போம்.

அந்தப் பக்கத்தை நீ கிழித்திருக்கலாம். பெட்டி உன் அம்மா வீட்டில்தான் இருந்தது. ஒரு போன் போதும். நீ கிழிக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கமலாக்ஷி மேடம் கசவுக் கரைச் சேலை உடுத்தி வந்திருந்தார், என் பக்கம் பார்க்கவில்லை. அவர்கள் வக்கீல் என் நோட்டின் இங்கிலீஷை வாசித்தார். நான் எழுந்து, விட்டுப்போன வரியையும் வாசிக்க வேண்டும் என்றேன். எந்த வரி என்று கேட்டார்கள். நடுவில் இருந்த வயதான அம்மையார் பாலக்காட்டுக்காரர், மீனாக்ஷி என்று பெயர். அவருக்குத் தமிழ் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகலை எடுத்து, நான் சொல்லாமலே உரக்க வாசித்தார். "மேடத்திடம் ஒரு நாள் ஆஃப் கேட்டேன், சிரித்தார்." பிறகு மேடத்தைப் பார்த்து, சிரித்தீர்களா என்று கேட்டார். மேடம் நினைவில்லை என்றார்.

அதற்குப் பிறகு உன் தாளை வாசித்தார்கள். மூன்று பக்கம் எழுதியிருந்தாய். நான் ஒரு தாள்தான் கேட்டேன். பத்து நோட்டையும் மேஜையில் பரப்பி அவர்களே தேதி தேதியாகக் கட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரி லிஸ்ட்டில் எனக்கு ஆஃப் என்று போட்டிருந்த பதினைந்தாம் தேதி இரவில், ஆண்கள் வார்டில் விஜியிடம் இருந்து சிரிஞ்சு கடன் வாங்கினேன் என்று பெண்கள் வார்டுக்காரி ஒருத்தி தன் நோட்டில் எழுதியிருந்தாள். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. வக்கீல் தன் தாள்களை அடுக்கிக் கட்டினார்.

எனக்கு ஆறு மாதத் தடை, பிறகு பதிவு திரும்பக் கிடைக்கும். செய்த தப்புக்கு அது வேண்டும், நான் எதிர்த்து எழுதப் போவதில்லை. உனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், வாங்கிக்கொள். டூட்டி லிஸ்ட் விஷயத்தை சுகாதாரத் துறைக்கு எழுதியிருக்கிறார்கள். அங்கே யார் அதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. மேடம் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். சர்ட்டிஃபிகேட்டுகளை மட்டும் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஷைலஜா தன்னுடையதை வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மோளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூக்கம்மாள் அக்கா நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். முதல் எதிரி ஆஸ்பத்திரி, இரண்டாவது நான். "ஒம் பேரையும் சேத்திருக்கேன், மனசுல வைக்காதே" என்று வந்து சொன்னார். சேர்க்க வேண்டியதுதான் என்றேன். அவர் சார்பில் நானே சாட்சி சொல்லப் போகிறேன். வக்கீலுக்கே இது புரியவில்லை.

எனக்கு இன்றைக்கும் கொதிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நர்ஸிங் ஸ்கூலைத் திறந்துவிட்டார்கள். அனுமதி கிடைத்துவிட்டது, எப்படி என்று கேட்காதே. முதல் பாட்ச் இருபது பெண்கள், பதினெட்டு வயது. பகலில் வகுப்பு, அதுவும் டீச்சர் போதாமல் கேசட் போட்டுக் காட்டுகிறார்கள். இரவில் நாம் நின்ற வார்டுகளில் அவர்களை நிறுத்துகிறார்கள், படிப்பின் பகுதி என்று சொல்லி. போன வாரம் ஜெட்டியில் இரண்டு பெண்கள் யூனிஃபாரத்தோடு ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பி, போட்டு வந்துவிட்டது என்றேன். பிறகு பெயர் கேட்டேன், எத்தனை இரவு என்று கேட்டேன். இப்போது வாரம் இரண்டு நாள் ஜெட்டிக்குப் போகிறேன். பதினான்கு பெண்கள் எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் கட்டத்தையே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். கேள்விகளில் ஒன்றை மாற்றினேன். கடைசியில் மனதில் பட்டதை எழுது என்று நீ கேட்டிருந்தாய். நான், யாரிடம் ஆஃப் கேட்டாய், அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறேன்.

போன வாரம் இடக்கொச்சி போயிருந்தேன். உன் அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது. அடுத்த மாதம் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். நானே கூட இருப்பேன். இதை உனக்காகச் செய்வதாக எடுத்துக்கொள்ளாதே. அவரிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நீ எழுதிய மூன்று பக்கத்தின் கடைசியில், என்னை மன்னிப்பாயா என்று கேட்டிருக்கிறாய். கவுன்சிலுக்கு எழுதிய தாளில் அதை எதற்கு எழுதினாய் என்று தெரியவில்லை. அவர்களும் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார்கள். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. கடிதத்தில் எழுதுகிற பதிலாகவும் அது இருக்காது.

இனி எழுதாதே. ஜூனில் உனக்கு லீவு என்று உன் அம்மா சொன்னார். வரும்போது இடக்கொச்சியில் பெட்டியை வைத்துவிட்டு இங்கே வா. பகலில் வா, நான் வீட்டில்தான் இருப்பேன். கதவைத் தட்டு. திறப்பேனா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் வந்து தட்டு.

விஜி